ஏழாவது கட்டம்

குடியாத்தத்தில், பரதராமி ரோட்டில்,
ரிக் கம்பெனியில் பில் போடுகிறேன்.
அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப்புக்கு இவ்வளவு,
ஆட்களுக்குப் பேட்டா தனி.
தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்
பில் ஒன்றுதான்.

பில் புத்தகத்தின் பின்பக்கம்
என் சொந்தக் கணக்கு ஓடுகிறது.
தேதி, ஊர், பார்த்தவர், சொன்ன அடி,
வந்த அடி, எத்தனை இஞ்சு.
ஆறு கட்டம்.

மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் இருசப்பன்.
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
வரப்பு வரப்பாக நடப்பார்.
எழுந்து நின்றால் அடியில் நீரோட்டம்.
பார்த்திருக்கிறேன், எழுந்துதான் நிற்கிறது.
அதில் எனக்கு வழக்கில்லை.
தண்ணீருக்காகவா எழுகிறது
என்பதுதான் வழக்கு.

கே.வி.குப்பத்தில் இருநூற்றைம்பது என்றார்.
நானூறிலும் புகைதான்.
"ரிக்காரன் நாலடி தள்ளி நிறுத்திட்டான்."
மேல்ஆலத்தூரில் முந்நூறு. அறுநூறில் நிறுத்தினோம்.
"தீட்டோட யாரோ தாண்டியிருக்காங்க."
கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான்.
ஒடுகத்தூரில்தான் அந்த வாக்கியம்:
"தண்ணி இருக்குதுன்னு சொன்னேன்.
வரும்னு சொன்னேனா?"

அதைத் தனியே எழுதி வைத்திருக்கிறேன்.
தோற்கவே முடியாத வாக்கியம்.
தோற்க முடியாததால்
அது ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது.

மோசக்காரர் இல்லை அவர்.
வறண்ட வீட்டில் காசு வாங்கமாட்டார்.
ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்:
"எது நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?"
டீயில் ஆடை படிந்துவிட்டது.
"அப்பிடி யாரும் கேட்டதில்லயேம்மா."

சிரிக்கலாம் என்றுதான் கூட்டிப் பார்த்தேன்.
அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று தண்ணீர்.
இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.
மூன்றாம் நாள் உறைத்தது:
அறுபத்து மூன்றும் அவர் 'உண்டு' என்ற இடங்கள்.
'இல்லை' என்று தலையாட்டிய இடத்தில்
ஒருவர்கூடத் துளை போட்டதில்லை.
யார் போடுவார், அடிக்கு இந்த விலையில்?
அந்த வருஷ மழைக்குக்
கண்ணை மூடிக் கல்லெறிந்த இடத்திலும்
நாற்பத்தொன்று ஊறியிருக்கலாம்.
இருக்கலாம்.
அதையும் நான் எறிந்து பார்க்கவில்லை.

ஸ்கேல் வைத்து ஏழாவது கட்டம் போட்டேன்.
தலைப்பு: இல்லை என்ற இடம்.
பதினான்கு மாதம் காலி.

லத்தேரி சம்பூர்ணத்துக்கு இருபத்திரண்டு சென்ட்.
ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கரண்டு டவர்,
மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு மூலை மிச்சம்.
மூன்று தரம் நடந்தார். தேங்காய் புரளவில்லை.
"இங்க இல்லம்மா."
"எனக்கும் வேற எடம் இல்ல," என்றாள் சம்பூர்ணம்.
வியாழக்கிழமை வண்டியை வரச்சொன்னாள்.

தன் டிவிஎஸ்ஸில் அவரே வந்தார்.
பிட்டை இறக்கும் முன்னே
நோட்டை நீட்டினேன்.
பூவரச நிழலில் நின்று வெகுநேரம் யோசித்து
எழுத்துக் கூட்டி எழுதினார்:
"ஒரு இன்ச் வந்தா நான் சொன்னது தப்பு. இருசப்பன்."

நூற்றெண்பதில் வெள்ளைத் தூசி.
இருநூற்றுநாற்பதில் வெள்ளைத் தூசி.
சம்பூர்ணம் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.
தாலிக்கொடி அடகில் இருப்பது ஊருக்கே தெரியும்.
இருநூற்றெழுபதில் தூசி நிறம் மாறியது,
பிறகு சேறு,
பிறகு மெல்லிசாய் ஒரு பீச்சல்.
மாடு திரும்பிப் பார்த்தது.

அளந்தோம்.
முக்கால் இஞ்சு.

அவள் அழுதுகொண்டே குடத்தைத் தேடினாள்.
எனக்குப் பேனா நகரவில்லை.
தண்ணீர் கண்ணெதிரே ஓடுகிறது;
எழுதியபடி பார்த்தால்
அவர் சொன்னது தப்பில்லை.
கோட்டை இப்போது நகர்த்தினால்
அவருடைய நாலடியும்
என்னுடைய கால் இஞ்சும் ஒன்றுதான்.

முக்கால் என்றே எழுதினேன்.
தப்பில்லை என்றும் எழுதினேன்.
ஒரு வரிசை. அதை வைத்து
ஒன்றும் சொல்வதற்கில்லை.

இருசப்பன் குனிந்து சேற்றை அள்ளி,
தேங்காய் படுக்கும் கையிலே வைத்து
அழுத்திப் பார்த்தார்.
"ஒரு இன்ச்சுன்னு எழுதுனது
கொஞ்சம் சவுகரியமாப் போச்சு," என்றார்.
"அடுத்த தரம் அரைன்னு போடு."